வாழ்வின் மீதான அதிகாரமும் உடல்நலமும்: மலையகத்தை முன்வைத்து



மனநிலையும் சமூகநிலையும் மனிதரின் உடல்நலத்தை எவ்வாறு ஆக்குகின்றன, எவ்வாறு கெடுக்கின்றன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கண்டியில் நின்று இதைப் பேசுகிறவர் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை என்று இந்நகரைச் சுற்றி நிற்பவை தேயிலை மலைகள். தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது முதல் இன்றுவரை, அந்த மலைகளில் உழைத்த மக்களின் உடல்களில் இந்நாட்டின் சமூக வரலாறு முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரலாற்றை முன்வைத்து நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றுதான்: ஒருவருக்குத் தம் வாழ்வின் மீது எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது அவருடைய உடல்நலத்தைத் தீர்மானிக்கும் காரணங்களுள் தலையாயது. ஆகவே காணி, முகவரி, கழிப்பறை, மொழி ஆகியவை அரசியல்வாதிகளுக்கு உரியவை என்று வைத்தியத்துறை ஒதுக்கிவிட முடியாது.

ஒரு புழுவிலிருந்து தொடங்குகிறேன். 1916இல் அமெரிக்காவின் ரொக்கஃபெல்லர் நிறுவனம் இலங்கையில் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தது. அது ஆரம்பமானது நமக்கு அண்மையிலுள்ள மாத்தளைத் தோட்டங்களில். இந்தப் புழுவின் பயணத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் கிடக்கும் நுண்ணிய இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. இரத்தத்தோடு சென்று நுரையீரலை அடைந்து, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வருகிறது. குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி மீண்டும் மண்ணில் விழுகின்றன. இதில் புழுவின் இயல்பாக இருப்பது பாதிதான். கால் ஏன் வெறுங்காலாக இருந்தது? மலம் ஏன் தேயிலைச் செடிகளுக்கிடையே மண்ணில் விழுந்தது? இவற்றுக்கான விடை உயிரியலில் இல்லை. தொழிலாளர் வாழும் லயங்களுக்குக் கழிப்பறை கட்டிக்கொடுக்காத தோட்ட நிர்வாகத்தில் இருக்கிறது. இயக்கத்தினர் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி மருந்தெண்ணெய் கொடுத்தார்கள், புழுக்கள் வெளியேறின. தொழிலாளர்கள் அதே மலைக்கு, அதே மண்ணுக்கு, அதே வெறுங்காலோடு திரும்பினார்கள். மீண்டும் தொற்று ஏற்பட்டது. கழிப்பறைக்குச் செலவிடத் துரைமார் பலர் தயங்கினார்கள். இரத்தசோகையால் கால் தள்ளாடிய தொழிலாளிக்குக் கிடைத்த பெயர் சோம்பேறி. நோயை மருந்து போக்கியது உண்மை. ஆனால் அந்த நோய் பிறக்கும் இடத்தை மருந்தால் தொட முடியவில்லை.

இந்த உண்மையை மருத்துவ உலகம் அதற்கு முன்பே அறிந்திருந்தது. 1848இல், பிரஷ்ய ஆட்சியிலிருந்த மேல் சிலேசியாவில் டைபஸ் கொள்ளைநோய் பரவியபோது, ஆராய்ந்துவர அனுப்பப்பட்ட இளம் வைத்தியர் ருடால்ஃப் விர்க்கோவ், திரும்பிவந்து எழுதிய அறிக்கையில் மருந்துகளைப் பட்டியலிடவில்லை. கல்வி, சுயாட்சி, நியாயமான வரி ஆகியவற்றோடு, அங்கு வாழ்ந்த ஏழைகளின் தாய்மொழியான போலிஷ் மொழிக்கு உத்தியோக அந்தஸ்து வேண்டும் என்றும் அவர் கேட்டார். ஒரு வைத்தியர் கொள்ளைநோய்க்கு மருந்தாக மொழியுரிமையை எழுதிக்கொடுத்தார் என்பது கண்டியில் வாழும் தமிழர் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி. பின்னர் கிருமிகள் கண்டறியப்பட்டன, மருத்துவம் பெருவெற்றிகளைப் பெற்றது, அந்த வெற்றிகளின் நடுவே விர்க்கோவின் கேள்வி ஓரம்போயிற்று. 1977இல் அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் ஏங்கல், நோயை உடல், உளம், சமூகம் என்ற மூன்று தளங்களிலும் சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும் என்று வாதிட்டு, அந்தக் கேள்வியை மருத்துவக் கல்விக்குள் மீண்டும் கொண்டுவந்தார்.

வறுமையும் கழிப்பறையின்மையும் நோய் தரும் என்பதை எவரும் ஏற்பார்கள். மனநிலை எவ்வாறு உடலுக்குள் புகுந்து வேலை செய்கிறது என்பதில்தான் பலருக்கு ஐயம். அதற்குச் சோதனைச் சான்றுகள் உண்டு. 1991இல் ஷெல்டன் கோஹனும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 394 பேரின் மூக்கில் தடிமன் வைரசுகள் சொட்டுகளாக விடப்பட்டன. எல்லோரும் வைரசுக்கு முகங்கொடுத்தார்கள். எல்லோருக்கும் தடிமன் பிடிக்கவில்லை. மன அழுத்தம் மிகக் குறைந்திருந்தவர்களில் சுமார் 27 சதவீதத்தினருக்குத் தடிமன் வந்தது; மிகக் கூடியிருந்தவர்களில் அது சுமார் 47 சதவீதம். 1995இல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் இன்னுமொரு சோதனையை வெளியிட்டனர். மறதிநோயால் பாதிக்கப்பட்ட உறவினரை இரவும் பகலும் பராமரித்துவந்த 13 பெண்களின் கையிலும், அத்தகைய சுமை இல்லாத 13 பெண்களின் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம் ஏற்படுத்தப்பட்டது. சுமையற்றவர்களின் காயம் ஆறச் சராசரியாக 39 நாட்கள் எடுத்தன. பராமரிப்பாளர்களின் காயம் ஆற 49 நாட்கள் ஆயின. இருபத்தாறு பேரை வைத்து ஒரு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்பது நியாயம். ஆனால் அதே திசையைக் காட்டும் ஆய்வுகள் பின்னரும் பல வந்திருக்கின்றன. உடற்கூற்று விளக்கமும் இருக்கிறது. ஆபத்தைச் சந்திக்க உடல் சுரக்கும் கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் சிறிது நேரத்துக்கு நம்மைக் காக்கின்றன. அவை ஓயாமல் மாதக்கணக்கில் சுரந்தால் நோயெதிர்ப்பு தளர்கிறது, குருதி அமுக்கம் உயர்கிறது, சர்க்கரையின் கட்டுப்பாடு குலைகிறது.

எந்தவகை அழுத்தம் அதிகம் கெடுக்கிறது என்பதே அடுத்த கேள்வி. இதற்கு மிகத் தெளிவான விடை இலண்டன் அரசாங்க அலுவலர்களிடமிருந்து கிடைத்தது. 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு, பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் அலுவலர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இவர்களில் எவரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர்; எல்லோருக்கும் இலவச மருத்துவம் இருந்தது. இருந்தும் அடிமட்டத் தரத்தில் இருந்தவர்களின் இறப்பு வீதம் உயர்மட்டத்தினருடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இடையிலிருந்த தரங்களில் அது படிப்படியாக ஏறியது. புகைத்தல், குருதி அமுக்கம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இந்த வேறுபாட்டின் பாதிக்கு மேல் விளக்கமின்றி எஞ்சியது. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் மைக்கேல் மார்மொட் குழுவினர் ஒரு காரணத்தை இனங்கண்டார்கள். தம் வேலையை எப்படி, எந்த வேகத்தில், எந்த வரிசையில் செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. உழைப்பின் கடுமையைவிட, உழைப்பின் மீது தமக்கு எந்தச் சொல்லும் இல்லாத நிலையே அதிகம் கெடுத்தது. பின்னர் மார்மொட் தலைமையில் உலக சுகாதார அமைப்பு நிறுவிய ஆணைக்குழு, 2008இல் வெளியிட்ட அறிக்கையில் உலகெங்குமிருந்து சான்றுகளைத் திரட்டி இந்தப் பார்வையை வலுப்படுத்தியது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். விடிவதற்கு முன் எழுந்து, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகிறாள். எந்த மலை, எந்த நிரை என்பதைக் கங்காணி சொல்கிறார். பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். மழையும் வரட்சியும் செடியின் நிலையும் அவள் கையில் இல்லை; ஆனால் அவற்றின் விளைவு அவள் சம்பளத்தில் விழுகிறது. மலையில் கழிப்பறை கிடையாது. ஆகவே அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். சிறுநீர்த் தொற்று வருகிறது. மாலையில் அவள் திரும்பும் லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அடுப்புப் புகையும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ். அந்தக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் ஒரு சுவரை இடித்துக் கட்டுவதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பலருக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைக்கு வர வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேட்காமலே அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்குபோட்டது. அந்தப் பிரச்சினை சட்டத்தில் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைட்ஹோல் எழுதுவினைஞரிடம் ஒரு அலுவலகத்துக்குள் கண்ட அதிகாரமின்மை, இங்கே வேலையிலும் வீட்டிலும் நாட்டிலும் மூன்று அடுக்காக ஒரே உடலின் மேல் ஏறி நிற்கிறது.

அதன் விளைவு புள்ளிவிவரத்தில் தெரிகிறது. இலங்கை, குறைந்த வருமானத்தோடு உயர்ந்த உடல்நலம் கண்ட நாடு என்று உலகம் முழுதும் எடுத்துக்காட்டப்படுவது. 1985இல் ரொக்கஃபெல்லர் நிறுவனம் நடத்திய ஆய்வுமாநாடு கேரளம், சீனா, கோஸ்டரிக்கா ஆகியவற்றோடு இலங்கையையும் இந்த வரிசையில் வைத்தது. இலவசக் கல்வி, இலவச வைத்தியம், பெண்களின் எழுத்தறிவு, அரிசிப் பங்கீடு, வாக்குரிமை ஆகியவையே அந்தச் சாதனைக்குக் காரணங்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இந்தக் காரணங்களில் பலவற்றிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது தோட்டப்புறம். தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் கைக்கு முழுமையாக வரத் தொடங்கின; தோட்ட வைத்தியம் நெடுங்காலம் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே கிடந்தது; வாக்குரிமை பறிபோயிருந்தது. 1973-74இல் உணவுத் தட்டுப்பாடு நாட்டையே தாக்கியபோது, நெற்காணியோ கொல்லையோ இல்லாத தோட்டத் தொழிலாளரிடையேதான் சாவு மிக மோசமாக உயர்ந்தது. நிலைமை இன்று எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆயினும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். ஒரே தீவு, ஒரே தடுப்பூசி அட்டவணை, ஒரே சுகாதார அமைச்சு. ஆனால் பிள்ளை எட்டும் உயரம் வேறு.

இனி, இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, நோயைக் கொடுப்பது கிருமி, தீர்ப்பது மருந்து, இதில் சமூகத்தை ஏன் இழுக்க வேண்டும் என்பது. மருந்தின் பெருமையை நான் குறைத்துப் பேச வரவில்லை. தோட்டப்புறத்தில் சிசு மரணம் வீழ்ந்ததில் தடுப்பூசிக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதே ஆண்டுகளில் கழிப்பறைகளும் குழாய்த் தண்ணீரும் திருத்தப்பட்ட பிள்ளைக் காம்பராக்களும் வந்தன, வாக்குரிமை மெல்லத் திரும்பியது, பாடசாலைகள் பெருகின. கிருமி இல்லாமல் காசம் இல்லை என்பது உண்மை. கிருமி நுழைந்த அத்தனை பேருக்கும் காசம் வருவதில்லை என்பதும் உண்மை. நுழைந்த கிருமி யாரிடம் நோயாக முற்றுகிறது என்பதைச் சாப்பாடும் காற்றோட்டமும் நெருக்கமும் மனச்சுமையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது மற்றக் காரணங்களை மறுப்பதாகாது.

இரண்டாவது மறுப்பு, மக்கள் தங்கள் பழக்கத்தால் தாங்களே கெடுகிறார்கள் என்பது. சாராயமும் கசிப்பும், வெற்றிலையோடு புகையிலை, சீனி மிகுந்த தேநீர், மூன்று வேளையும் மா என்று பட்டியல் சொல்வார்கள். பழக்கங்கள் தீங்கானவை என்பதில் சந்தேகமில்லை. புகையிலை சேர்த்த வெற்றிலை வாய்ப்புற்றுநோய்க்கு நேர்க் காரணம். ஆனால் பழக்கம் எங்கிருந்து வருகிறது? மழையிலும் குளிரிலும் பசியை மறந்து எட்டு மணிநேரம் நிற்க வேண்டியவளுக்கு வெற்றிலை கைக்கெட்டிய ஆதரவு. கூலிக்கு உழைத்து, கடனுக்கு வாங்கி, எந்த முடிவும் தன்னிடம் இல்லாதவனுக்குச் சாராயம் மாலைநேரத்து மறதி. அதனால் அவன் தன் மனைவி பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமை நியாயமாகிவிடாது. அந்தக் கொடுமையும் அவள் உடல்நலத்தைக் கெடுக்கும் சமூகக் காரணங்களில் ஒன்று என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். விழிப்புணர்வு ஊட்டினால் போதும் என்பவர்கள் மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே மண்சரிவு ஆபத்து உண்டு என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது மக்கள் அங்கேதான் இருந்தார்கள். போவதற்கு வேறு காணி இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை வெறும் செய்தியாகவே நின்றுவிடும். அறிவு செயலாவதற்கு அதிகாரம் வேண்டும்.

மூன்றாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. நோயில் மனதுக்குப் பங்குண்டு என்று சொன்னால், நோயாளியின் வலியைக் கற்பனை என்று தள்ளிவிட அது வழிசெய்யாதா என்பது அதன் சாரம். இந்த அச்சம் பொருளற்றதன்று. நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் உளைகிறது, தலை கிறுகிறுக்கிறது என்று வருகிற பெண்ணை, சோதனை அறிக்கையில் குறை ஒன்றும் இல்லை என்பதற்காக மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவது எங்கும் நடக்கிறது. அவளுடைய மொழி வைத்தியருக்குத் தெரியாவிட்டால் அது இன்னும் எளிதாக நடக்கிறது. துயரை உடலின் வலியாகவே உணர்ந்து சொல்வது நம் மக்களின் இயல்பு. அந்த வலி உண்மையான வலி. காயம் ஆறப் பத்து நாள் கூடுதலாக எடுத்தது கற்பனையால் அன்று. மனதின் பங்கை ஒப்புக்கொள்வது நோயாளியை நம்புவதற்கான காரணமாக வேண்டும். அதற்கு முதல் தேவை, அவள் சொல்வதை அவள் மொழியில் கேட்க ஒருவர் இருப்பது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னது. வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் அது நடைமுறையாக வேண்டும். விர்க்கோவ் 1848இல் எழுதியதும் இதைத்தான்.

நான்காவது மறுப்பு மிகவும் நடைமுறை சார்ந்தது. வறுமையும் உரிமையின்மையும் மலைபோன்ற பிரச்சினைகள். அவை தீரும்வரை வைத்தியர் என்ன செய்வது? இதற்கான விடை கண்டியின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவுக்கு உயர்ந்து, உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. துயரும் கடனும் குடும்பச் சண்டையும் காரணங்களாக இருந்தன. கிராமத்து வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் கடும் நஞ்சான பூச்சிமருந்து இருந்ததுதான் ஒரு கணத்து வேதனையைச் சாவாக்கியது. பேராதனை, கெட்டம்பேயில் இயங்கும் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் மிக நச்சான மருந்துகளுக்கு 1995இலும் 1998இலும் தடைவிதித்தது. 2005 அளவில் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2008க்கும் 2011க்கும் இடையில் மேலும் மூன்று மருந்துகள் படிப்படியாக விலக்கப்பட்டன. வீதம் தொடர்ந்து இறங்கியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்ட நஞ்சியல் ஆய்வாளர்கள் இந்த மாற்றத்துக்கான சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். வறுமை ஒழியும்வரை எவரும் காத்திருக்கவில்லை; ஒவ்வொரு மனதையும் தனித்தனியே குணப்படுத்தவும் முடிந்திருக்காது. சூழலில் ஒரு கண்ணியை மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. ஆகவே சமூகக் காரணம் என்றால் கைக்கெட்டாத காரணம் என்று கொள்ளத் தேவையில்லை. எந்தக் கண்ணியை யாரால் மாற்ற முடியும் என்று தேடுவதே வைத்தியத்துறையின் வேலை.

மலையகத்தில் அத்தகைய கண்ணிகள் எவை என்பது மறைபொருளன்று. மலையில் பெண்கள் பாவிக்கத்தக்க கழிப்பறையும் குடிதண்ணீரும் வேண்டும். லயத்துக்குப் பதிலாக, உறுதிப்பத்திரத்தோடு கூடிய காணியும் தனி வீடும் வேண்டும். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்று தொடங்கிய திட்டம் பெரும்பாலான குடும்பங்களை இன்னும் எட்டவில்லை. அந்தக் காணியில் ஒரு கீரைப்பாத்திக்கும் ஒரு கோழிக்கூட்டுக்கும் இடமிருந்தால் அது போசாக்குத் திட்டமும் ஆகும். வேலையின் அளவையும் நேரத்தையும் தீர்மானிப்பதில் தொழிலாளிக்கும் ஒரு சொல் வேண்டும். தமிழ் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தரும் உளநல ஆலோசகரும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வேண்டும். இவை தர்மத்துக்காகக் கேட்பவை அல்ல. இவற்றுக்குச் செலவிடாத பணம் இரத்தசோகையாக, எடை குறைந்த பிறப்பாக, முதிராத வயதில் வரும் மாரடைப்பாக வைத்தியசாலையின் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கிறது.

இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டபின், எங்கே வசிக்கிறீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இன்று பேர் விழுந்ததா, வீட்டில் நிம்மதி உண்டா என்றும் கேளுங்கள். விடைகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரே தோட்டத்திலிருந்து ஒரே விடை பத்துப் பேரிடமிருந்து வந்தால், அதைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். தொழிற்சங்கத்தாரும் ஆசிரியர்களும் சம்பளத்துக்காகக் குரல் கொடுக்கும் அதே உறுதியோடு கழிப்பறைக்காகவும் காணி உறுதிக்காகவும் குரல் கொடுக்க வேண்டும். 1916இல் மாத்தளையில் மருந்து கொடுத்துவிட்டு அதே மண்ணுக்குத் திருப்பி அனுப்பினார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் நாம் அதையே செய்துகொண்டிருக்கக் கூடாது.